தோற்றவள் உட்காரும் நாற்காலி

போன வருடம் அக்டோபர் மாதம், மும்பை செம்பூரில் ஒரு கிளப்பில் நடந்தது இது. மழை விட்டதும் இங்கே ஒரு வெயில் அடிக்கும் பாருங்கள், மே மாதமே பரவாயில்லை என்று தோன்றும். அப்படி ஒரு வெயில் நாள். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சோர்ந்து போகிறது.

நான் தாராவியில் இருக்கிறேன். ஜீன்ஸ் தைக்கிற கார்கானாவில் தைத்து வந்த துணியில் நூல் வெட்டி, ஓட்டை ஒடிசல் பார்த்து, கட்டிக் கொடுக்கிற வேலை. பதினெட்டு வருடமாக நின்றபடியே செய்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கு நல்ல பேர் வராது. வராவிட்டால் போகிறது.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஸ்குவாஷ் ஆடுகிறாள். நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்று, ஒரு சின்ன ரப்பர் பந்தை எதிர்ச்சுவரில் மாறி மாறி அடிக்கிற ஆட்டம். பணக்கார ஆட்டம்தான். எங்களுக்கு எப்படி வந்தது என்றால், என் தம்பி அந்தக் கிளப்பில் மார்க்கராக இருக்கிறான். மெம்பர்களுக்கு ஜோடி இல்லையென்றால் கூட நின்று ஆடுவது, அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, மட்டைக்கு நரம்பு மாற்றுவது, இதெல்லாம் மார்க்கர் வேலை. மெம்பர்கள் சாப்பிட்டுத் தூங்குகிற மத்தியான நேரத்தில் காலியாகக் கிடந்த கோர்ட்டில் என் மகளை ஆடவிட்டான். ஏழு வயதில் மட்டையைப் பிடித்தவள், விடவே இல்லை.

அந்தக் கிளப் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் ஏழு வருடமாக என்னைப் பார்க்கிறான். ஏழு வருடமாக ஒவ்வொரு தடவையும் "கிதர் ஜானா ஹை?" எங்கே போகணும் என்றுதான் கேட்கிறான். காரில் வருகிறவர்களைக் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்பான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இடத்துக்குள் நான் எப்போதும் சண்டைக்குத் தயாராகத்தான் நுழைவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மும்பையில் இருக்கிற தமிழ்ப் பொம்பளைகள் நிறையப் பேருக்கு உண்டு, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தமிழில் திட்டுவது. ரயிலில் சீட்டுக்கு இடிக்கிறவளை, கார்கானா முதலாளி சேட்டை, குழாயடியில் முந்துகிறவளை, எல்லாரையும் அப்படித்தான். சேட் என்னைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்துக்கூட இருக்கிறார். எங்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் கிளப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்து ஆடுகிற ஜூனியர் போட்டி. அவரவர் தனித்தனியாக ஆடுவதுதான். ஆனால் அதில் வருகிற இடத்தைப் பார்த்துத்தான், நாட்டுக்காக ஆடப்போகிற ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கும் கேம்ப்புக்குக் கூப்பிடுவார்கள். முதல் ஆறு இடத்துக்குள் வந்துவிட்டால் இவளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். அந்த "ஆறுக்குள்" என்ற சொல்லோடுதான் ஒரு மாதமாக எங்கள் வீடு எழுந்து படுத்தது. இவள் இரண்டு மேட்ச் ஜெயித்துக் காலிறுதிக்கு வந்துவிட்டாள். எட்டுப் பேரில் ஒருத்தி. இன்னும் ஒன்று ஜெயித்தால் நான்கு பேரில் ஒருத்தி.

கார்கானாவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். அது பழைய கோர்ட். மேலே பால்கனி மாதிரி திறந்த கேலரி இருக்கும். அங்கிருந்து குனிந்து பார்த்தால் ஆடுகிறவர்களின் தலை தெரியும். மேலே தும்மினால் கீழே கேட்கும். கேலரி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பெண் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து பாயின்ட் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சளி போலிருக்கிறது என்று நினைத்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன்.

என் மகளுக்கு எதிராக ஆடியவள் மலேசியாக்காரி. பார்க்கச் சீனக்காரப் பிள்ளை மாதிரி இருந்தாள். சின்னக் கண், சப்பை மூக்கு, ரப்பர் மாதிரி வளைகிற உடம்பு. என் மகள் எங்கே அடித்தாலும் அங்கே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆரம்பித்தேன். முதலில் முணுமுணுப்பாகத்தான் இருந்தது. ஐந்தில் மூன்று கேம் எடுப்பவள்தான் ஜெயித்தவள். முதல் கேம் போனதும் சத்தமாகவே பேசினேன். சப்பை மூக்கி என்றேன். இவளைப் பெத்தவள் என்னத்தைத் தின்று பெத்தாளோ என்றேன். இரண்டாவது கேமை என் மகள் எடுத்தாள். மூன்றாவதில் ஒரு பந்தை எடுக்கப் பாய்ந்த அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோர்ட்டே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நான் சொன்னேன்.

"நல்லா வேணும். காலு ஒடஞ்சு அப்படியே கெடக்கட்டும்."

அவள் தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாள். திமிரைப் பார் என்று நினைத்தேன். என் மகளும் பார்த்தாள். அவள் பார்வை வேறு மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிள்ளை எழுந்து, நொண்டி, இரண்டு நிமிடம் காலை உதறி, திரும்ப ஆடினாள். மூன்றாவதையும் நாலாவதையும் எடுத்து ஜெயித்துவிட்டாள். பதினொன்று எடுக்க வேண்டிய நாலாவது கேமில் என் மகள் பத்து பாயின்ட் வரை போய்த் தோற்றாள். முடிந்தது என்று நினைத்தேன். இந்த மாதிரிப் போட்டியில் தோற்றவர்களும் ஐந்தாவது, ஆறாவது இடத்துக்குத் தொடர்ந்து ஆடுவார்கள் என்று தம்பி சொல்லியிருக்கிறான். நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மகள் மேலே வந்தாள். முகம் வீங்கிப்போய், கண்ணுக்குப் போடுகிற கண்ணாடிக் கவசத்தை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தாள். உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குள் போட்டி நடத்துகிற ஒரு அம்மா வந்து, அடுத்த மேட்ச்சுக்கு நீதான், போய் உட்கார் என்று இந்தியில் சொல்லி அந்த அட்டையை இவள் கையில் கொடுத்தாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தோற்று அழுதுகொண்டு வருகிற பிள்ளையை, இன்னும் இரண்டு பணக்காரப் பிள்ளைகள் ஆடுவதற்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கச் சொல்கிறாளே என்று. நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மகள் என் கையைப் பிடித்தாள். "எம்மா, இது ரூலும்மா. தோத்தவங்கதான் அடுத்த மேட்ச்சுக்கு உக்காரணும். எல்லாரும் உக்காருதாங்க."

"எல்லாரும்னா யாரு? கேக்க ஆளில்லாதவளா? தோத்தது பத்தாதா, இங்கயே கெடந்து இவளுவளுக்கு எண்ணி வேற சொல்லணுமா?"

"ரெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு மேட்ச் இருக்கும்மா."

"தோத்த பெறவு என்னட்டி மேட்ச்? வா."

அட்டையைப் பிடுங்கி அந்த நாற்காலியில் எறிந்தேன். அவள் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். தம்பி பின்னால் உள்ள கோர்ட்டில் யாருக்கோ பந்து போட்டுக்கொண்டிருந்தான், அவனிடமும் சொல்லவில்லை. மட்டை என் தோளில் இருந்ததால் அவள் பின்னால் வந்தாள். வேறு காரணம் இல்லை. வாட்ச்மேன் வெளியே போகும்போது ஒன்றும் கேட்கவில்லை. போகிறவளை எதற்குக் கேட்கப் போகிறான்.

செம்பூர் ஸ்டேஷன் வரை அந்த வெயிலில் நடந்தோம். பாலம் ஏறி இறங்கி பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். அவள் பெஞ்சின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். குர்லா போகிற ரயில் வந்தது. எழுந்தேன். அவள் எழவில்லை.

"நீ போ. நான் வரல."

கத்தவில்லை, அழவுமில்லை. வேலை முடிந்து வருகிற பெரிய பொம்பளை மாதிரிச் சொன்னாள். ரயில் போய்விட்டது. நானும் உட்கார்ந்துவிட்டேன். அவளை அடிக்கலாம் என்று தோன்றியது, கையைத் தூக்கத் தெம்பில்லை. காலையில் நாலரைக்கு எழுந்த உடம்பு. அவள் நெற்றியில் இன்னும் அந்தக் கவசம் அப்படியே இருந்தது.

அடுத்த ரயில் வருவதற்குள் தம்பி போன் செய்தான். அவன் என்னிடம் சத்தம் போட்டதே கிடையாது, அன்றைக்குப் போட்டான். தோற்றவர்கள் அந்த நாற்காலியில் உட்காராமல் போனால் பேரை அடித்துவிடுவார்களாம். அப்புறம் இரண்டு மணி மேட்ச் இல்லை. அதில் ஜெயித்தால்தான் ஆறுக்குள் வர முடியும். அது போனால் கேம்ப்பும் இல்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான்.

"பேர அடிச்சாச்சால?" என்றேன்.

"இல்லக்கா. வேற ஒரு பிள்ள அந்தச் சேர்ல உக்காந்துட்டு, நான் பாத்துக்கிடுதேன், அவ பேர அடிக்காதீங்கன்னு சொல்லியிருக்கு. ஆனா இந்த மேட்ச் முடியறதுக்குள்ள நம்ம பிள்ள வந்து கையெழுத்துப் போடணும். ஓடியாங்க."

ஓடினோம். பாலத்தில் ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. வெளியே இரண்டு ஆட்டோக்காரர்களைக் கேட்டேன், இவ்வளவு கிட்டத்துக்கு வரமாட்டோம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பையை அவள் வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். நாலு கேம் ஆடி முடித்த பிள்ளை, வயிற்றில் ஒன்றுமில்லாமல், பட்டப்பகல் வெயிலில் ஓடுகிறாள். நான் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன்.

கேலரிக்கு ஏறியபோது ஐந்தாவது கேம் நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அந்த மலேசியாக்காரிதான். காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, முழங்காலில் ஐஸ் பையைத் துண்டால் கட்டியிருந்தாள். அவளுக்குச் சாயங்காலம் அரையிறுதி. போய்ப் படுத்திருக்க வேண்டியவள். அவளுடைய கோச் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு கடுகடுவென்று நின்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பென்சிலால் குறித்துக்கொண்டு, தொண்டை கட்டிய குரலில் பாயின்ட் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேட்ச் முடிந்ததும் என் மகளைக் கூப்பிட்டு அட்டையை நீட்டினாள். இவள் கையெழுத்துப் போட்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையான தேங்க்யூவைச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, காலு ஒடயலே. லேசா சுளுக்குத்தான்."

தமிழ். சுத்தமான தமிழ். என்னுடையதைவிடச் சுத்தம்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவுமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரிச் சொன்னாள். அவளுடைய அம்மா தமிழாம், அப்பா சீனராம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். இதை என்னிடம் சொல்லவில்லை, என் மகளிடம் சொன்னாள். அப்புறம் இவள் தோளைத் தட்டி, "பேக்ஹேண்ட் நல்லா அடிக்கிறே நீ. நாலாவது கேம்லே நான் பயந்துட்டேன்" என்றாள். முதன்முதலாக வெளிநாடு போய்த் தோற்றபோது பாத்ரூமில் ஒளிந்து அழுதுகொண்டிருந்தாளாம். நாற்காலி காலியாகக் கிடந்ததால் அவள் பேரை அடித்துவிட்டார்களாம். அதனால்தான் இவள் போனதும் தான் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். நொண்டிக்கொண்டே கோச்சுடன் படியிறங்கிப் போனாள்.

சப்பை மூக்கி என்றது, பெத்தவளை இழுத்தது, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவளைப் பெத்தவள் ஒரு தமிழச்சி. என்னை மாதிரி ஒருத்தி. அத்தனையும் மேலேயிருந்து அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கிறது. கேட்டுக்கொண்டேதான் ஆடியிருக்கிறாள். கேட்ட பிறகுதான் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவ கீழ விழுந்தப்ப நீ சொன்னது எனக்கும் கேட்டுச்சும்மா. எனக்கு எப்படி இருந்துருக்கும்?"

இரண்டு மணிக்கு மேட்ச். எகிப்துக்காரப் பெண். இவளைவிட உயரம். முதல் இரண்டு கேமையும் என் மகள் எடுத்துவிட்டாள். இன்னும் ஒன்று எடுத்தால் ஆறுக்குள். மூன்றாவதில் கால் தளர ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. நாலாவதில் பந்துக்குப் பாதி தூரம்தான் போனாள். ஐந்தாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டாள்.

எகிப்துக்காரி நன்றாக ஆடினாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் போய் வந்த கால் அது. அந்த இரண்டு மணி நேரம் அவள் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அவளை வெயிலில் ஓடவிட்டேன். அந்தப் பிள்ளை வலிக்கிற காலோடு உட்கார்ந்து மீட்டுக் கொடுத்ததை நான்தான் தொலைத்தேன். தம்பி அப்படியெல்லாம் இல்லை என்கிறான். அவன் சொல்லத்தான் செய்வான். கேம்ப்புக்குக் கூப்பிட்டவர்கள் பட்டியல் இரண்டு வாரம் கழித்து வந்தது. என் மகள் பேர் இல்லை.

அன்றைக்கு மேட்ச் முடிந்ததும் நடந்ததைச் சொல்கிறேன். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. காலை இழுத்துக்கொண்டு அவளே மேலே வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, முகத்தைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். அடுத்து ஆடியது இரண்டு பெரிய பையன்கள். அதில் ஒருத்தன் இவள் சொன்ன தீர்ப்பு பிடிக்காமல் மேலே பார்த்துக் கத்தினான். நான் எழுந்துவிட்டேன். எழுந்தவள் அப்படியே நின்றேன். இவள் அசையவில்லை. "நோ லெட்" என்று திரும்பவும் அதே குரலில் சொன்னாள். பந்து அவனுக்கு எட்டியிருக்காது, திரும்ப ஆட வேண்டியதில்லை என்று அர்த்தம். அவன் முணுமுணுத்துக்கொண்டே போய் அடுத்த பந்துக்கு நின்றான். எங்கள் தெருவில் இவள் பேச்சை ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தவள் சொன்னதை அந்தப் பையன் கேட்டான். அவள் முடிக்கும் வரை மட்டைப் பையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். முதலில் கண் சிவந்து அந்த நாற்காலியில் இருந்த ஹாங்காங்காரிக்குச் சளி இல்லை, அவளும் தோற்று அழுதவள்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் அந்த மலேசியப் பிள்ளையைத் தேடினேன். அரையிறுதியில் தோற்றுவிட்டாளாம். அவளும் எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருப்பாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் போயிருக்கலாம். கார்கானாவில் சரக்கு அனுப்புகிற நாள், லீவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

மகள் இன்னும் ஆடுகிறாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாள். நான் கேலரிக்கு வரலாம், பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். பேசுவதில்லை. ரயிலில் இடிக்கிறவளைக்கூட இப்போது இந்தியிலேயே திட்டிவிடுகிறேன். அவளும் புரிந்துகொண்டு பதிலுக்குத் திட்டுகிறாள், அது நியாயமாக இருக்கிறது. மற்றபடி நான் ஒன்றும் திருந்தி நல்லவளாகிவிடவில்லை. ஆனால் அன்றைக்கு ஆடிய பிள்ளைகள் எல்லாரும் தோற்றதும் அழுகையை அடக்கிக்கொண்டு தங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்காமல், என் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான் என்பது நூல் வெட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வருகிறது.